கவிழ்த்து வைத்த மூன்று போன்கள்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு டிஸ்ப்ளே மாற்றுவதையும் சார்ஜிங் பின் வைப்பதையும் நான் சொல்லித்தரப் போவதில்லை. அதைச் சொல்லித்தர என்னைவிடக் கை நடுங்காத ஆட்கள் விழுப்புரத்திலேயே இருக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து எனக்குக் கண்ணும் போய்விட்டது, கழுத்தும் போய்விட்டது. திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த செல்போன் பழுதுபார்க்கும் கடையைப் போன வருடம் தங்கை மகளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். வாய் மட்டும் இன்னும் கம்பெனி ஃபிட்டிங்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

‘பொம்பள செல்போன் கடை’ என்றுதான் ஊருக்குள் என் கடைக்குப் பெயர். போர்டில் வேறு பெயர் எழுதியிருந்தேன், அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பெண் உட்கார்ந்திருக்கிற கடை என்பதால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். வருகிறவர்களில் சிலருக்கு போனில் கோளாறே இருக்காது. பேக் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், கடையில் வேறு ஆள் போகும்வரை நிற்பார்கள், அப்புறம் குரலை இறக்கி, “அக்கா, எல்லாத்தையும் அழிச்சிடுங்கக்கா” என்பார்கள். இந்த ஒரு வரியைக் கேட்டால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

நம் தொழிலில் ஃபார்மட் என்பது காய்ச்சலுக்கு மாத்திரை மாதிரி. போன் நின்று நின்று போகிறதா, ஃபார்மட். லாக் மறந்துவிட்டதா, ஃபார்மட். வாடிக்கையாளர் பேசிக்கொண்டே இருக்கிறாரா, அவரை அனுப்பி வைக்கவும் ஃபார்மட். அடித்து முடித்து, புதுப் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி போனை நீட்டும்போது நமக்கு ஒரு பெருமை இருக்கும். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

நான் சொந்தக் கடை போடுவதற்கு முன்னால் விழுப்புரத்தில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். ஒரு நாள் முகையூர்ப் பக்கத்திலிருந்து பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி தனியாக வந்தாள். எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாள். கை நடுங்கியது. நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் கேட்கவில்லை. வரிசையில் ஆள் நின்றது. இருபது நிமிடத்தில் வேலையை முடித்து, “போம்மா, பளபளன்னு இருக்குது” என்று சொல்லி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து ஒரு பெண் எஸ்.ஐ. கடைக்கு வந்தார். சைபர் குற்றங்களைப் பார்க்கிற பிரிவுக்குப் புதிதாக வந்தவர், என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். அந்தப் பெண்ணின் முகத்தை வேறு உடம்போடு ஒட்டிப் படம் செய்து ஒருவன் மாதக்கணக்கில் மிரட்டியிருக்கிறான். அவன் தன் கணக்கை மூடிவிட்டு ஓடிவிட்டான். அவன் எழுதியது எல்லாம் இந்த ஒரு போனில்தான் இருந்திருக்கிறது.

“எதாவது திருப்பி எடுக்க முடியுமாக்கா?” என்று கேட்டார்.

“முடியாதும்மா. முழுசா அடிச்சிட்டேன்.”

அவர் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். “நீங்க வேலைய ரொம்ப சுத்தமா செஞ்சிட்டீங்க. அதாங்க்கா பேஜாரு” என்றார்.

அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி வெளியூரில் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். தப்பு செய்தவன் எங்கேயோ நிம்மதியாக இருந்தான், இவள் ஊரை விட்டுப் போனாள். அவளை நான் அப்புறம் பார்க்கவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் குரு யார் என்று கேட்டால் அந்தச் சின்ன வயது எஸ்.ஐ.யைத்தான் சொல்வேன். அன்றைக்கு ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தார். மிரட்டுகிறவன் எழுதியதை அழிக்கக் கூடாது, அவனுக்குப் பதில் போடக் கூடாது, அவசரப்பட்டு பிளாக்கும் பண்ணக் கூடாது. படத்தை நாம் பார்க்கக் கூடாது, ஆதாரம் என்று சொல்லிக்கூட நம் போனில் ஏற்றக் கூடாது. போலீசிடம் போகும்வரை பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், உன் மேல் தப்பு இல்லை என்பதை அதன் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட வேண்டும். “புள்ளைங்க போலீசுகிட்ட வர்றதுக்கு முன்னால உங்ககிட்டதான் வருதுங்க. ஸ்டேஷனுக்கு முன்னால இருக்கிற ஸ்டேஷன் நீங்க” என்றார். அதோடு என் டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். பள்ளிக்கூடப் பிள்ளை யாராவது தயங்கித் தயங்கி போனை நீட்டினால், வாங்கியதும் முதல் வேலையாக அதை மேசை மேல் விரித்திருக்கும் நீல ரப்பர் மேட்டில் கவிழ்த்து வைத்துவிடுவேன். திரை கீழே, முதுகு மேலே. நான் பார்க்கவில்லை என்று ஆயிரம் முறை சொல்வதைவிட அதைக் கண்ணால் பார்ப்பது பிள்ளைகளுக்குத் தைரியம் தருகிறது. செய்து பாருங்கள்.

இப்போது தர்ஷினி கதைக்கு வருகிறேன். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். மரக்காணம் பக்கத்தில் கடலோரக் குப்பம், பதினொன்றாம் வகுப்பு, பள்ளிக்கூடக் கபடி அணியில் ரெய்டர், எதிரணிக்குள் பாடிப் போகிறவள். அப்பா கடலுக்குப் போகிறவர்.

ஒரு நாள் மதியம் ஒன்றரை மணி இருக்கும், அப்பாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். நான் அவித்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், உரித்துக்கொண்டிருந்தேன். படகு இன்ஜினுக்குச் சாமான் வாங்கத் திண்டிவனம் வந்திருக்கிறார். வீட்டுக்கே அந்த ஒரு ஸ்மார்ட் போன்தான்.

“ஹேங்க் ஆவுதுன்னு புள்ள சொல்லுது, என்னான்னு பாருங்கம்மா. காத்து சேதி எல்லாம் இதுலதான் வருது. காலைல நான் சொன்னாத்தான் எங்க ஆளுங்க படக எடுப்பாங்க” என்றார். குப்பத்து வாட்ஸப் குரூப்பில் தினமும் விடிவதற்குள் காற்று எப்படி, அலை எப்படி என்று குரல் பதிவு போடுவது இவர் வேலையாம். அதை யாரும் இவருக்குக் கொடுக்கவில்லை. இவர் சொன்னது ஒரு முறை பலித்தது, அதிலிருந்து ஊர் இவர் வாயைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

“நாலு மணிக்கு வந்துடறேன். புள்ள இங்கயே குந்திக்கினு இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை தர்ஷினி எட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, “அக்கா, ஃபார்மட் அடிச்சிடுங்க. எல்லாத்தையும். அப்பா வர்றதுக்குள்ள. ஜல்தியா” என்றாள்.

போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். மல்லாட்டைக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினேன். “நான் பாக்கல. நீ சொல்றவரைக்கும் பாக்கவும் மாட்டேன். எவனாவது மெரட்டுறானா?” என்றேன்.

அவள் அழவில்லை. ஒரு மல்லாட்டையை எடுத்து உரிக்காமல் விரலால் நசுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். கபடி வீடியோவுக்குக் கீழே பாராட்டி எழுதிப் பழக ஆரம்பித்தவள் ஒருத்தி. வேறு மாவட்டத்துக் கபடி பிளேயர் என்று சொல்லியிருக்கிறாள். மூன்று மாதப் பழக்கம். அணித் தேர்வுக்கு என்று ஒரு விண்ணப்பம் அனுப்பினாள், அதைத் திறந்ததும் போனில் ஒரு ஆப் ஏறி, அப்பாவின் நம்பர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. உடல் அளவுக்கு என்று கேட்டு ஒரு படமும் வாங்கியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அது பெண்ணே இல்லை என்று தெரிந்திருக்கிறது. இன்றைக்கு ஐந்து மணிக்குள் இன்னொரு படம் அனுப்பாவிட்டால், இருக்கிற படம் குப்பத்தில் உள்ளவர்களுக்கு எல்லாம் போகும் என்று எழுதியிருக்கிறான்.

“போன கழுவி வுட்டா அவன் போயிடுவான்ல?” என்று கேட்டாள்.

“போவ மாட்டான் கண்ணு. அழிச்சா அவங்கிட்ட இருக்கறது அழியாது. அவன புடிக்க நம்மகிட்ட இருக்கறதுதான் அழியும். இதுல உம்மேல ஒரு தப்பும் இல்ல. ஏமாத்துறது அவனுக்குத் தொழிலு.”

“அப்பாவுக்குத் தெரிஞ்சா பள்ளிக்கூடம் அவ்ளோதான்க்கா. கபடியும் அவ்ளோதான்” என்றாள்.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் என் மனதில் பாதி, அழித்துக் கொடுத்துவிடு என்றுதான் சொன்னது. அவள் கேட்டது அதைத்தான், எனக்குத் தெரிந்த வேலையும் அதுதான். அவளுக்கு ஒரு மணி நேர நிம்மதியை என்னால் கொடுத்திருக்க முடியும். முகையூர்ப் பெண்ணின் நடுங்கிய கை நினைவுக்கு வந்தது. கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு எஸ்.ஐ.க்கு போன் போட்டேன். அவர் அதற்குள் இன்ஸ்பெக்டர் ஆகியிருந்தார்.

அவர் முதலில் கேட்டது அவனைப் பற்றி அல்ல. “புள்ளைய வீட்டுல அடிப்பாங்களான்னு கேளுங்க” என்றார். கேட்டேன்.

“அப்பா அடிக்க மாட்டாரு. பேசாம இருந்துடுவாரு. அதுக்குத்தான் பயமா இருக்குது” என்றாள் தர்ஷினி.

“அப்படின்னா அப்பாகிட்ட சொல்லித்தான் ஆகணும். அவரு கூட நின்னாத்தான் இந்தப் புள்ள நிக்கும். கையில இருக்கற வேலைய முடிச்சிட்டு விழுப்புரத்துலருந்து கெளம்பிடறேன். எதையும் தொடாதீங்க, பதில் போடாதீங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் தர்ஷினியிடம் கேட்டேன். “நீ சொல்றியா, நான் பக்கத்துல நிக்கட்டா? இல்ல நான் சொல்றேன், நீ பக்கத்துல நிக்கிறியா?”

“நீங்க சொல்லுங்க. நான் நிக்கிறேன்” என்றாள்.

நாலு மணிக்கு வருகிறேன் என்றவர் மூன்றே காலுக்கே இன்ஜின் சாமான் பையோடு வந்து நின்றார். ஒத்திகை பார்க்க நேரம் இல்லை. சொல்லி முடித்தேன். சுற்றி வளைக்காமல், படத்தைப் பற்றி ஒரே வரியில், அவனைப் பற்றி ஒன்பது வரியில் சொன்னேன். அந்தக் கணக்கு முக்கியம். பிள்ளை செய்ததை நீட்டி முழக்கினால் கேட்கிறவர் கோபம் பிள்ளை மேல்தான் போகும்.

அவர் முகம் கறுத்தது. மகளைப் பார்க்கவில்லை. மேட்டின் மேல் கிடந்த போனை எடுத்து, தரையில் அடிக்கக் கையை ஓங்கினார். நான் எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்தது என்று தெரியவில்லை.

“ஒடைக்காதீங்கண்ணா. அவன் இதுக்குள்ளதான் இருக்கான். ஒடைச்சீங்கன்னா அவன வெளிய வுட்ட மாதிரி.”

கை மெதுவாக இறங்கியது. போனை அவரே கவிழ்த்து வைத்தார். வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். தர்ஷினி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பதினாறு வயதுப் பெண், நான்கு பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொடுகிறவள்.

உள்ளே வந்தவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். “எத்தினி மணிக்கு அனுப்புவேன்னு சொன்னான்?” என்றார்.

“அஞ்சு மணிக்குப்பா.”

“யாருக்கு?”

“நம்ம குப்பத்து ஆளுங்களுக்கு.”

“நேரம் தெரிஞ்சிடுச்சு. எந்தப் பக்கம் வரும்னு தெரிஞ்சிடுச்சு” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “காத்து வர்றது தெரிஞ்சா முன்னாலயே சொல்லிடறதுதானம்மா என் வேல. இதையும் சொல்லிடறேன்” என்றார்.

நான் பதறிப்போய் வேண்டாம் என்றேன். எந்த ஊரிலும் எந்த அப்பாவும் செய்யாத காரியம் இது. மூடி மறைத்தால்தான் பெண்ணுக்கு நல்லது என்று என் புத்திக்கும் தோன்றியது. வழியில் வந்துகொண்டிருந்த இன்ஸ்பெக்டரை மறுபடி அழைத்தேன். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிறகு, “சொல்லட்டும். ஆனா புள்ள யாருன்னு தெரியவே கூடாது. அது சட்டம். மொதல்ல அந்தப் புள்ளைக்கு சம்மதமான்னு கேளுங்க” என்றார்.

அப்பா மகளைப் பார்த்தார். தர்ஷினி, “போடுப்பா” என்றாள்.

அப்பாவின் போனை அவன் கண்காணித்துக்கொண்டிருக்கலாம் என்பதால், என் போனிலிருந்து அவருடைய மைத்துனர் ஒருவரை அழைத்து, அவர் மூலமாகக் குரூப்பில் போட ஏற்பாடு செய்தோம். குரல் இவருடையது. தினமும் காற்றைச் சொல்கிற அதே குரல், அதே நிதானம். எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

“எல்லாரும் கேளுங்க, நாந்தான் பேசறேன். இது காத்து சேதி இல்ல. நம்ம ஊரு புள்ள ஒண்ண ஒருத்தன் போன்ல ஏமாத்தி மெரட்டிக்கினு இருக்கான். அஞ்சு மணிக்கு மேல தெரியாத நம்பர்லருந்து படம் வந்தா யாரும் தொறக்காதீங்க. யாருக்கும் அனுப்பாதீங்க. அழிக்கவும் அழிக்காதீங்க, அது போலீசுக்கு வேணும். போன கவுத்து வெச்சிட்டு எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க. எந்த வூட்டுப் புள்ளன்னு கேக்காதீங்க. உங்க வூட்டுப் புள்ளன்னு நெனச்சுக்கங்க.”

பதிவு போய்ச் சேர்ந்தது. ஒரு நிமிடம் பதில் இல்லை, இரண்டு நிமிடம் இல்லை. அவசரப்பட்டு ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சந்தையில் வைத்துவிட்டோமோ என்று கையைப் பிசைந்தேன். மூன்றாவது நிமிடம் மைத்துனர் அழைத்து, வந்த குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்க வைத்தார். முதலில் மீன் விற்கிற ஒரு பெண்மணி, “செரி தம்பி, நான் எங்க தெருவுல சொல்லிடறேன், படிக்கத் தெரியாததுங்க இருக்குது” என்றார். அப்புறம் ஒருவர், “தொறந்தான்னு தெரிஞ்சா அவன் படகு கடலுக்குப் போவாது, சொல்லிட்டேன்” என்றார். அப்புறம் சரி, சரி, சரி என்று வந்துகொண்டே இருந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அப்போதுதான் தர்ஷினி அழுதாள், அவள் அப்பாவும் அழுதார், நான் மட்டும் கடைக்காரி என்ற மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தேன்.

இன்ஸ்பெக்டர் நாலரைக்கு வந்து சேர்ந்தார். ஐந்து மணிக்கு அவன் எழுதினான். பதில் போடவில்லை. திரும்ப எழுதினான், கெட்ட வார்த்தையில் எழுதினான், அவன் எழுத எழுத அவனுடைய கேஸ் கட்டு கனத்துக்கொண்டே போனது. ஐந்தே காலுக்கு அனுப்ப ஆரம்பித்தான். பதினைந்து நிமிடத்தில் மைத்துனர் வழியாக முதல் சேதி வந்தது. “எனக்கு ஒண்ணு வந்துகீது. கவுத்து வெச்சிட்டேன்.” அப்புறம் இன்னொருவர். அப்புறம் அந்த மீன்கார அம்மா. பயந்த மாதிரி ஊர் முழுக்கப் போகவில்லை. யாரும் திறக்கவில்லை, யாரும் திட்டிக்கூட எழுதவில்லை, அவனுக்கே சப்பென்று ஆகியிருக்க வேண்டும். மூன்றோடு நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் காலை அந்த மூன்று பேரும் பேருந்து ஏறித் திண்டிவனம் வந்தார்கள். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் ஊர் கவனிக்கும் என்று இன்ஸ்பெக்டர் என் கடைக்கே வரச் சொல்லியிருந்தார். ஒருவர் போனைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒருவர் கடலில் நனையாமல் இருக்கப் போடும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். மீன்கார அம்மா சுருக்குப் பையிலிருந்து எடுத்தார். மூன்று பேரும் என் நீல மேட்டில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்னால், “டீ குடிச்சிட்டு வந்துடறோம்” என்று வெளியே போய் நின்றுகொண்டார்கள். என் கடையில் எத்தனையோ விலை உயர்ந்த போன்கள் இருந்திருக்கின்றன. அந்த மூன்றுக்கு ஈடாக எதுவும் இருந்ததில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் அவனைப் பிடித்துவிட்டார்கள். வேறு மாவட்டத்தில் இருந்தான், கபடிக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்லை. தர்ஷினிக்கு விரித்த வலையையே வேறு பிள்ளைகளுக்கும் விரித்திருந்தான், அவர்கள் எல்லோருமே பயந்து போனை அழித்திருந்தார்கள். அழிக்காத போன் தர்ஷினியுடையதும் அந்த மூன்றும்தான். அதை வைத்துத்தான் அவன் உள்ளே போனான்.

நீங்கள் எல்லோரும் என்னைவிட வேகமாக வேலை செய்வீர்கள். செய்யுங்கள். ஆனால் ஒரு பிள்ளை வந்து எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னால் அன்றைக்கு மட்டும் மெதுவாக வேலை செய்யுங்கள். வரிசையில் நிற்கிறவர் முணுமுணுக்கட்டும்.

அடுத்த வருடம் விழுப்புரத்தில் பள்ளிகளுக்கான கபடிப் போட்டி நடந்தது. தர்ஷினி அப்பா என்னையும் இன்ஸ்பெக்டரையும் கூப்பிட்டிருந்தார். குப்பத்திலிருந்து ஒரு வேனில் வந்திருந்தார்கள். கடைசி ரெய்டுக்கு முன்னால் ஆட்டம் சமனில் நின்றது. தர்ஷினி இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, காலைப் பிடித்தவளையும் இழுத்துக்கொண்டு வந்து கோட்டில் கை வைத்தாள். நான் கத்திய கத்தலில் பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தால், அந்த மூன்று பேரும் வரிசையாக நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் கேட்கவில்லை.

தர்ஷினி வியர்வையும் மண்ணுமாக ஓடி வந்தாள். அன்றைக்கு போனைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாரே, அவர் தன் போனை அவளிடம் நீட்டிக் காட்டி, “நல்லா வந்துகீதும்மா. குரூப்புல போடட்டா?” என்று கேட்டார்.

அவள் முழுவதையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். “போடுங்க சித்தப்பா” என்றாள்.